பொட்டி எதுன்னு பாரு

ஹெரால்டு காரின் கியர்பாக்ஸைக் கழற்ற வண்டிக்கு அடியில் போய் மல்லாந்து படுக்க வேண்டியதில்லை. முன் இருக்கைகளை எடுத்துவிட்டு, நடுவில் மேடாக ஓடும் அட்டை மூடியைத் திருகு கழற்றித் தூக்கினால் பெட்டி கண்முன்னே கிடக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் நான்கு போல்ட், ஸ்பீடோமீட்டர் கேபிள், கிளட்ச் சிலிண்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், பின்பக்கத் தாங்கி, கடைசியாக பெல் ஹவுசிங்கைச் சுற்றியுள்ள போல்ட்டுகள். இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துவிட்டு, பெட்டியைப் பின்னால் இழுத்து, இரண்டு பேர் பிடித்துக் கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். வீடு மாற்றும்போது பீரோவை வாசல் வழியாகத் திருப்பித் திருப்பி எடுப்பதற்கு ஆகிற யோசனையும் பொறுமையும் இருந்தால் போதும்.

இந்த வசதிக்குப் பின்னால் ஒரு நெருக்கடி இருக்கிறது. 1953இல் ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற உடல்தகடு நிறுவனத்தைப் போட்டி கார் நிறுவனமான பி.எம்.சி. வாங்கிவிட்டது. கவென்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனத்துக்கு ஒரே கூடாக முழு உடலைச் செய்துதர ஆளில்லாமல் போயிற்று. மற்ற நிறுவனங்கள் சேஸிஸ் என்னும் சட்டத்தையே கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் மறுபடியும் தனிச் சட்டம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் துண்டு துண்டாகத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கும் காரை யோசித்தார்கள். இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி உருவம் வரைந்தார். 1959இல் ஹெரால்டு வந்தது. நிறுவனத்தின் தலைமையிலிருந்த அலிக் டிக் வைத்திருந்த படகின் பெயரைத்தான் காருக்கு வைத்தார்கள். 1961இல் அந்தக் கார் நம் வண்டலூருக்கு வந்தது. 1948இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வேன்கார்டு, டென், பெனன்ட் என்று சிலவற்றைச் செய்து பார்த்தபின் இதைக் கையிலெடுத்தது. கல்கத்தாவில் அம்பாசிடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஹெரால்டு: அந்தத் தலைமுறைக்கு இந்தியாவில் கார் என்றால் இந்த மூன்றும்தான்.

அடுத்த ஆண்டே, 1962இல், அதே சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கெலோட்டியின் கையால் இரண்டு இருக்கைத் திறந்த கார் ஒன்று இங்கிலாந்தில் பிறந்தது. அதுதான் ஸ்பிட்ஃபயர். முன்பக்கம் முழுவதுமாக முன்னால் கவிழ்ந்து திறக்கும் மூடி, குறுக்குவாட்டில் கிடக்கும் பின் ஸ்பிரிங், ஒரே வம்சத்து கியர்பாக்ஸ். அலுவலகம் போகவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் வாங்கிய ஹெரால்டுக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உடன்பிறப்பு என்பது இங்கே பலருக்குத் தெரியாது. சோழவரத்தில் ஓட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில், கூரையையும் கனத்தையும் குறைத்த ஹெரால்டுகள் ஆண்டுதோறும் சீறின. பந்தயம் 1990இல் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும்வரை சென்னையின் வேகம் சோழவரத்தில்தான் இருந்தது. கோவையின் கரிவர்தன் போன்றவர்கள் கார் கட்டிப் பழகிய காலம் அது.

அப்படிப்பட்ட ஒரு வண்டி இப்போது பொம்மையார்பாளையத்தில் நிற்கிறது. ஹெரால்டு சட்டத்தின் மேல் எப்போதோ கட்டிய, கூரையில்லாத இரண்டு இருக்கை கார். ஆர்.சி. புத்தகத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றுதான் இருக்கிறது. வைத்திருப்பவர் என் நண்பர், ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய சித்தப்பா சென்னையில் வாங்கியது.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் வானூர் வட்டத்துக்குள் வரும் மீனவ ஊர். மயிலம் முருகன் கோயிலைக் காக்கும் பொம்மபுர ஆதீனத்தின் மூல மடம் இங்கேதான். மேற்கே செம்மண் மேட்டில் ஆரோவில். கிழக்கே கடல், அதுவும் நெருங்கிக்கொண்டே வரும் கடல். எண்பதுகளின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள், வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலைத் தடுத்து நிறுத்திவிட்டன. வடக்கிலுள்ள குப்பங்கள் ஒவ்வொன்றாகக் கரையை இழந்தன. கடல் இப்படி வாசலுக்கு வந்த ஊரில் உலோகம் எதுவும் சும்மா இருப்பதில்லை. அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும், போல்ட்டின் தலை செதில் செதிலாக உரியும்.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் அளவுக்கு மழை. கார் கொட்டகைக்குள்தான் இருந்தது, தண்ணீர் ஏறவில்லை. ஆனால் அதற்குப்பின் நெடுநாள் யாரும் அதை எடுக்கவில்லை. எடுத்தபோது இன்ஜின் ஓடியது, கியர் விழவில்லை. கிளட்சை எவ்வளவு மிதித்தாலும் பற்கள் அலறின. இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டே சாவியைத் திருகினால் வண்டி அப்படியே குதித்தது.

இது கிளட்ச் தேய்ந்து நழுவும் கோளாறு இல்லை. அதற்கு நேர்மாறு. நழுவ வேண்டிய இடத்தில் நழுவ மறுப்பது. ஃப்ளைவீலின் இரும்பு முகத்தில் ஈரம் படிந்து துரு பிடித்து, கிளட்ச் பிளேட்டின் லைனிங் அதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடற்கரையோரம் நின்றுபோன பழைய வண்டிகளுக்கு இது வாடிக்கை. இன்ஜினைச் சூடாக்கி, கிளட்சை மிதித்தபடி கியரில் ஓட்டி, பிரேக்கை அழுத்தி உதறவைத்து விடுவிப்பவர்கள் உண்டு. லைனிங் கிழிந்து ரிவிட்டோடு வந்துவிடலாம் என்று பட்டறைக்காரர் அதற்கு ஒப்பவில்லை.

அவர் படகு மோட்டார் பார்ப்பவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். இளவயதில் சென்னைப் புதுப்பேட்டையில் வேலை பழகியவர். கொட்டகையில் நாலைந்து நீள்வால் மோட்டார்கள் எப்போதும் தலைகீழாகக் கிடக்கும். அவற்றில் பலவற்றுக்குக் கிளட்ச் கிடையாது. இன்ஜின் சுற்றினால் விசிறியும் சுற்றும், தண்ணீர் தானே நழுவிக்கொடுக்கும். தரையில் ஓடும் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று சுற்றும் இன்ஜினையும் அசையாமல் நிற்கும் சக்கரத்தையும் ஒரு நொடியில் சேர்த்தால் ஏதாவது ஒன்று முறியும். இரண்டும் உரசி, சூடேறி, மெல்ல ஒரே வேகத்துக்கு வர இடையில் ஒருவர் வேண்டும். பற்களும் ஷாஃப்ட்டும் அச்சும் முறியாமலிருக்கத் தான் தேய்ந்துகொடுக்கும் உறுப்புதான் கிளட்ச். காரில் நான் மிகவும் மதிக்கிற உறுப்பும் அதுதான்.

நண்பர் அவசரப்பட்டார். ஹெரால்டு கிளட்ச் செட் எங்கே கிடைக்கும், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்கலாமா, இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பட்டறைக்காரர் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்:

“பிளேட்டு வாங்குறது பெரிய விசயம் இல்ல சார். மொதல்ல பொட்டி எதுன்னு பாருங்க. புக்குல ஹெரால்டுன்னு போட்டுக்குது. உள்ள இன்னா இருக்குதோ யாருக்குத் தெரியும்?”

அந்தக் கேள்வி எனக்குள் அன்றிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சேஸிஸ் எண் இருக்கும், இன்ஜின் எண் இருக்கும். கியர்பாக்ஸுக்கு எண் கிடையாது. அரசாங்கத்தின் கண்ணில் கியர்பாக்ஸ் என்று ஒன்று இல்லவே இல்லை. பெட்டியை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத வேண்டியதில்லை, யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. அதனால்தான் இந்தியாவில் ஓடிய ஒரு பழைய காரின் உண்மையான வரலாறு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. இறக்குமதி அடைபட்டிருந்த காலம் அது. ஒரு பல் உடைந்தால் புதுப் பல் வர மாதங்கள் ஆகும், வராமலும் போகும். அப்போது ஒரு மேஸ்திரி பெனன்டின் உள்பாகத்தை ஹெரால்டின் கூட்டுக்குள் வைத்தார். இன்னொருவர் உடைந்த வேனின் பெட்டியிலிருந்து பின்பகுதியை எடுத்து ஒட்டினார். இப்போது சிலர் நீளவாக்கில் உட்காரும் மாருதி ஜிப்சியின் ஐந்து கியர் பெட்டியை அடாப்டர் தட்டு வைத்துப் பொருத்துகிறார்கள். வண்டி ஓடியது, குடும்பம் ஊருக்குப் போய்வந்தது. எதுவும் எழுதிவைக்கப்படவில்லை.

பெட்டி வெளியே வந்ததும் பட்டறைக்காரர் செய்த முதல் வேலை கழுவுவது. டீசலில் நனைத்த தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து இறுகிய தோல் உரிந்தது. அடியில் ஒரு கறுப்பு பெயின்ட், அதற்கும் அடியில் ஒரு வெள்ளி பெயின்ட். பெட்டியின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்க வேண்டிய இடத்தில் அரம் ஓடிய வரிகள். யாரோ எண்ணை உரசி எடுத்திருக்கிறார்கள். ஸ்பிட்ஃபயர் பெட்டிகளில் இந்த எண்ணின் முன்னெழுத்துகளே எந்த மாடல் என்று சொல்லிவிடும். முதல் இரண்டு மாடல்களுக்கு எஃப்.சி., மூன்றாவதுக்கு எஃப்.டி., நான்காவதுக்கு எஃப்.எச். என்று தொடங்கும். இங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது.

அவர் அசரவில்லை. மேல்மூடியின் போல்ட்டுகளில் ஒவ்வொன்றாக ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். அரை இஞ்ச் ஸ்பேனர் சிலவற்றில் சப்பென்று உட்கார்ந்தது. இரண்டில் ஏறவே இல்லை. அவற்றுக்கு 13 மில்லிமீட்டர் வேண்டியிருந்தது. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்பேனருக்குத் தெரியும். பிரிட்டிஷ் கையிலிருந்தும் வண்டலூர்க் கையிலிருந்தும் வந்தவை இஞ்ச் மரையோடு வரும். மில்லிமீட்டர் போல்ட் இருந்தால் பிற்காலத்தில் யாரோ அந்த மூடியைத் திறந்திருக்கிறார்கள் என்று பொருள். எதற்குத் திறந்தார்கள்?

அடுத்து அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. பெட்டியை இரண்டு டயர்களின் மேல் படுக்கவைத்தார். முன்ஷாஃப்ட்டில் சாக்பீஸால் ஒரு கோடு, பின்பக்கப் பிளேஞ்சில் ஒரு கோடு. நாலாவது கியரில் போட்டுச் சுற்றினார். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சரி. பிறகு முதல் கியரில் தள்ளினார். பட்டறைப் பையன் பின்பக்கக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முன்ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே எண்ணினார். ஒரு சுற்றுக்குப் பார்த்தால் துல்லியம் வராது என்று பின்பக்கம் நாலு சுற்று முடியும்வரை எண்ணச் சொன்னார். பையன் நாலு என்று கத்தியபோது அவர் வாயில் பதினைந்து.

நாலுக்குப் பதினைந்து என்றால் ஒன்றுக்கு மூன்றே முக்கால். 948 சிசி ஹெரால்டின் பழைய பெட்டியாக இருந்தால் பதினேழுக்கு வந்து நின்றிருக்கும். மூன்றே முக்கால் என்பது இங்கிலாந்தில் 1200 சிசி ஹெரால்டுக்கும் தொடக்ககால ஸ்பிட்ஃபயருக்கும் கொடுத்த விகிதம். கூட்டுக்குள் வேறு பற்கள் இருந்தன. கொஞ்சம் நீளமான முதல் கியர், மற்ற கியர்களோடு நெருங்கி நிற்கும் கியர்.

“ரேஸ் பசங்க கை பட்டுக்குது,” என்றார். அவருடைய ஊகம் அது. நானும் நம்புகிறேன். கூரை இல்லாத, எடை குறைந்த இந்த வண்டியின் உருவமும் அதைத்தான் சொல்கிறது.

பெட்டி எதுவென்று தெரிந்தபின்தான் பிளேட்டைப் பற்றிய பேச்சு வந்தது. இதுவும் எனக்குப் பாடம். இந்த வம்சத்தில் முந்தியவற்றுக்கு ஆறேகால் இஞ்ச் பிளேட், பிந்தியவற்றுக்கு ஆறரை, 1500 சிசி ஸ்பிட்ஃபயருக்கு ஏழேகால். பழையவற்றில் பிரஷர் பிளேட்டுக்குள் சுருள் ஸ்பிரிங்குகள் வட்டமாக நிற்கும், பிந்தியவற்றில் ஒரே டயாஃப்ரம். பிளேட்டின் வெளிவட்டம் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் கட்டுப்பட்டது, நடுவிலுள்ள ஸ்பிளைன் பற்கள் பெட்டியின் முன்ஷாஃப்ட்டுக்குக் கட்டுப்பட்டவை. ஒரே தட்டு இரண்டு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். பெயரை மட்டும் சொல்லிக் கடையில் வாங்கினால் இரண்டில் ஒன்று தவறும். ஸ்பிளைனை எண்ணி, விட்டத்தை காலிப்பரில் அளந்து, பழைய தட்டையே கையோடு கொண்டுபோய்க் காட்டுவதுதான் வழி. கடைசியில் பழைய தட்டின் நடுப்பகுதி நன்றாக இருந்ததால், புது லைனிங் மட்டும் போட்டு ரிவிட் அடித்து வாங்கிக்கொண்டோம்.

பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கும். அந்தக் காலத்து கிளட்சிலும் பிரேக்கிலும் அது இல்லாமல் இல்லை. பெல் ஹவுசிங்குக்குள் படிந்திருந்த சாம்பல் நிறத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதப்போன பையனை நண்பர் தடுத்தார். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பாலிதீன் பையில் கட்டிப்போட்டார்கள். வாழ்நாள் முழுக்க அந்தத் தூசியை ஊதிய மேஸ்திரிகள் தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் பேர். அவர்களுடைய நுரையீரலுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இதை வாசிப்பவர்களில் யாராவது பழைய வண்டியைத் திறந்தால், தயவுசெய்து ஊதாதீர்கள், ஊத விடாதீர்கள்.

ஃப்ளைவீலை லேத்தில் கொடுத்துத் துருவை மட்டும் சீவி எடுத்தார்கள். கிராங்க் முனையிலுள்ள வெண்கல புஷ்ஷை இரவெல்லாம் எண்ணெயில் ஊறவைத்துப் போட்டார்கள். ரிலீஸ் பேரிங் மாறியது. பிளேட்டை நடுவில் நிறுத்த முன்ஷாஃப்ட்டின் உருவத்தில் ஒரு கட்டை வேண்டும். நடு தவறினால் பெட்டி உள்ளே போகாது. எங்கே கிடைக்கும் என்று யோசிப்பதற்குள் பட்டறைக்காரர் ஒரு பூவரசங்கட்டையைத் தச்சரிடம் கொடுத்துக் கடைந்து வாங்கிவந்துவிட்டார். நுனி புஷ்ஷுக்குள் போனது, உடல் ஸ்பிளைனுக்குள் இறுக்கமாக நின்றது. எந்தப் பக்கம் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும் என்று தட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தபிறகே போட்டார். மாற்றிப் போட்டால் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டில் முட்டும், எல்லாம் மறுபடி கழற்ற வேண்டும். பெட்டி முதல் தள்ளலிலேயே உள்ளே போய் அமர்ந்தது.

பழைய கார்களின் அணிவகுப்புகளில் நடுவர்கள் அசல்தன்மைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். இந்த வண்டிக்கு அங்கே பூஜ்யம்தான் விழும். அந்த அளவுகோலை நான் ஏற்கவில்லை. இங்கிலாந்தில் ஓடிய ஸ்பிட்ஃபயருக்கு அசல் பெட்டி என்பது பெருமை. அங்கே உதிரிபாகம் அடுத்த தெருவில் கிடைத்தது. இங்கே ஓடிய வண்டிக்குப் பெருமை, கிடைக்காத இடத்திலும் அது நிற்காமல் ஓடியதுதான். அதற்குள் இருக்கும் கலப்புதான் நம் தொழில்நுட்ப வரலாறு. வேன்கார்டின் இன்ஜின் டிஆர் ஸ்போர்ட்ஸ் காரிலும் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியதை வெளிநாட்டவர் புத்தகம் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அதே வேன்கார்டையும் அதே ஹெரால்டையும் செய்த, 1985இல் ஸ்டாண்டர்டு 2000 காரோடு கடைசியாக முயன்று 1988இல் அடங்கிப்போன வண்டலூர்த் தொழிற்சாலையைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. புதுப்பேட்டையிலும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்தக் கார்களைப் பிழைக்கவைத்த கைகளைப் பற்றி ஒரு பக்கமும் பார்த்ததில்லை.

அந்தக் கைகள் எழுபதைத் தாண்டிவிட்டன. சாக்பீஸ் கோடு போட்டுப் பதினைந்து என்று எண்ணத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அடுத்த தலைமுறை மெக்கானிக் கிளட்சே இல்லாத மின்சார வண்டியைப் பார்க்கப்போகிறார். அதில் எனக்கு வருத்தமில்லை. போகிற அறிவு எழுதப்படாமல் போவதில்தான் வருத்தம்.

உங்கள் வீட்டில் பழைய கார் நின்றால், பெட்டியைத் திறக்கும் நாளில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நில்லுங்கள். எந்தப் பாகம் எதிலிருந்து வந்தது என்று மேஸ்திரி சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வையுங்கள். பரணில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கையேடோ பாகப் பட்டியலோ விற்பனைத் துண்டறிக்கையோ கிடந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, அவர்களிடம் பேசிப் பாருங்கள். எழுதும்போது ஸ்பிளைனின் எண்ணிக்கையையும் போல்ட்டின் அளவையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.